மூன்றாவது கை

மனிதனுக்கு வாய்த்தவை இரண்டு கைகளே. தொழிலோ பெரும்பாலும் மூன்று கைகளை வேண்டி நிற்கின்றது. ஓர் இரும்புத் துண்டை அராவ முற்படுவோன் அரத்தின் பிடியை ஒரு கையாலும் அதன் நுனியை மறுகையாலும் பற்றுதல் வேண்டும். அங்ஙனமாயின் அவ்விரும்புத் துண்டை அசையாது பிடித்துக்கொள்வது யார்? வேலை பழக வந்த சிறுவன் பிடிக்கலாம். அன்றித் தொழிலாளி தன் கால் விரல்களுக்கிடையே இடுக்கிக்கொள்ளலாம். இவ்விரண்டிலும் மேலானதொரு விடையாகத் தோன்றியதே, பட்டறைகளில் யாவரும் 'வைஸ்' என்று வழங்கும் கருவி. மேசையின் ஓரத்தில் திருகாணிகளாற் பிணிக்கப்பட்டு, இரண்டு தாடைகளுக்கிடையே பொருளைக் கவ்விக்கொண்டு நிற்பது அது.

வாளின் கூர்மையைப் புகழ்வோர் உளர். உளியின் நயத்தைப் புகழ்வோரும் உளர். பிறர் தொழில் செய்ய வாய் திறவாது பிடித்துக்கொண்டு நிற்கும் வைஸைப் புகழ்வோரைக் காண்டல் அரிது. குடும்பங்களிலும் இத்தகையோர் உண்டு என்பதை வாசகர்கள் அறிவர். ஆயினும் இந்தக் கருவிக்கும் அன்பர் கூட்டம் ஒன்று இருக்கின்றது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும், கைவிடப்பட்ட பட்டறைகளிலிருந்தும் பழைய இரும்புக் குவியல்களிலிருந்தும் பழைய வைஸ்களைத் தேடி எடுத்து, இன்னார் செய்தது, இன்ன காலத்தது என்று துணிந்து, கறள் நீக்கிச் செப்பனிடுவதைப் பொழுதுபோக்காகக் கொண்டோர் பலர். அவர்கள் கைக்கொள்ளும் முறைகளையும், அவர்களுக்குள்ளே தீராதிருக்கும் வழக்கொன்றையும் இவ்வாரம் ஆராய விரும்புகின்றோம். தொழிலறிந்தார் முன்னே இதனைப் பேசுவது கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஒக்கும் என்பதை அறிந்தே தொடங்குகின்றோம்.

முதலில் கருவியின் வரலாற்றைச் சிறிது நோக்குவோம். முற்காலத்துக் கொல்லர் உலைக்களங்களில் இருந்தது கால் உள்ள வைஸ். அதன் நீண்ட இரும்புக்கால் தரைவரை சென்று ஊன்றி நிற்கும். தாடையின் மீது விழும் சம்மட்டி அடியை மேசை தாங்காது தரை தாங்கும்பொருட்டு அவ்வாறு அமைத்தனர். அதன் முன் தாடை கீழேயுள்ள கீலிற் சுழன்று விரிவதால், அகலமான பொருளைக் கவ்வும்போது இரு தாடைகளும் இணையாக நில்லா. மேலே விரிந்தும் கீழே நெருங்கியும் நிற்கும். இக்குறையைப் போக்கும் வண்ணம், தாடை நேராக முன்னும் பின்னும் நகரும் வார்ப்பிரும்பு வைஸ்கள் 19ஆம் நூற்றாண்டிற் பெருகின. அமெரிக்காவில் கொனெக்ரிக்கட் மாநிலத்து மெறிடன் நகரைச் சேர்ந்த சாள்ஸ் பாக்கர் (1809–1902) இத்துறையிற் பெயர் பெற்றவர். கோப்பி அரைக்கும் பொறி செய்து தொழிலைத் தொடங்கிய அவர், வைஸ்களாலும் பெரும் பொருளீட்டி, 1867இல் அந்நகரின் முதல் நகர முதல்வருமானார். இங்கிலாந்திலே, யோர்க்ஷயரில் உள்ள ஷிப்லி என்னும் ஊரின் பாக்கின்சன் நிறுவனத்தார், தாடையை நொடியில் நகர்த்தத்தக்க வைஸைச் செய்து 'பெர்பெக்ற்' என்ற பெயரில் விற்றனர்.

அந்த விரைவமைப்பின் நுட்பம் எளியது. திருகுதண்டு சுழன்று செல்லும் சுரையை முழு வளையமாக அமையாது பாதியாக அமைத்தனர். நெம்புகோலை விரலால் அழுத்தியதும் அரைச்சுரை புரியை விட்டு விலகும். தாடை தடையின்றி வழுக்கிச் செல்லும். விரலை எடுத்ததும் அது மீண்டும் புரியிற் படியும். நூறு முறை சுழற்ற வேண்டிய இடத்து ஒரு முறை இழுத்தாற் போதும். தச்சர் மேசைகளில் இன்றும் காணப்படும் வைஸ்கள் பலவற்றுக்கு இவ்வமைப்பே அடிப்படை.

இக்கருவியின் வலிமை எங்கிருந்து வருகின்றது என மாணவர் வினவுவதுண்டு. கைப்பிடியின் நுனி திருகுதண்டின் நடுவிலிருந்து 10 அங்குலத் தூரத்தில் இருப்பதாகக் கொள்வோம். ஒரு சுற்றில் அந்நுனி ஏறத்தாழ 63 அங்குலம் பயணஞ் செய்யும். புரி அங்குலத்துக்கு நான்காயின், அதே சுற்றில் தாடை நகர்வது கால் அங்குலமே. உராய்வு இல்லையெனின் கையின் விசை 250 மடங்காகப் பெருகும் என்பது இதனாற் பெறப்படும். உண்மையில் இதிற் பெரும்பகுதியை உராய்வு விழுங்கிவிடும். ஆயினும் அவ்வுராய்வை நொந்துகொள்ளலாகாது. கையை எடுத்த பின்னரும் தாடை தளராது நிற்பது அதனாலன்றோ!

இனி, பழைய வைஸ் ஒன்று கைக்கு வந்தால் அதனை இனங்காண்பது எவ்வாறு? பெரும்பாலும் செய்தோர் பெயரும் இலக்கமும் வார்ப்பிலேயே எழுந்து நிற்கும். கறளும் பழைய வர்ணமும் அவற்றை மூடியிருப்பின், மண்ணெண்ணெய் தோய்ந்த சீலையாலே துடைத்து, விளக்கைப் பக்கவாட்டிற் பிடித்து நோக்குதல் வேண்டும். நேர் வெளிச்சத்தில் மறைந்த எழுத்துச் சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் காட்டும். கல்வெட்டுப் படிப்போர் கையாளும் முறையும் இதுவே.

இலக்கங்களை நோக்கும்போது விழிப்பு வேண்டும். ஷெபீல்ட் நகரின் சீ. அன்ட் ஜே. ஹம்ப்டன் நிறுவனம் 1898இல் தொடங்கியது. 'றெக்கோட்' என்னும் அதன் வணிகப்பெயர் ஆங்கிலேயர் ஆட்சி பரவிய நாடுகளின் பட்டறைகளிலெல்லாம் அறிமுகமானது. அதன் இரும்பு வேலை வைஸ்களில் 3 என்ற இலக்கங் கண்டால் தாடை 3 அங்குலம் என எண்ணலாகாது, 4 அங்குலம். 1ஆம் இலக்கம் 3 அங்குலம். 6ஆம் இலக்கத்திலோ இலக்கமும் அங்குலமும் ஒன்றுபடும். தச்சு வேலைக்குரிய 52ஆம் இலக்கத்தின் தாடை 7 அங்குலம். 53ஆம் இலக்கத்தினது 10½ அங்குலம். ஆதலால் அளவுகோலை எடுத்து அளந்து பார்த்தலே அறிவுடைமை.

அமெரிக்க வைஸ்களில் ஆண்டும் திகதியும் பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. அது காப்புரிமை பெற்ற நாளேயன்றி அவ்வைஸ் பிறந்த நாள் அன்று. காப்புரிமை பெற்றுப் பல்லாண்டு கழிந்த பின்னரும் அதே அச்சில் வார்த்திருக்கலாம். இதனினும் வேடிக்கையானது வில்ற்றன் வைஸ். செக்கோசிலோவாக்கியாவிலிருந்து குடிபெயர்ந்த ஹியூ வோகல் என்பவர் 1941இல் சிக்காகோவில் நிறுவிய தொழிலகம் அது. துப்பாக்கிக் குண்டு போன்று திரண்ட உடலும், தூசி புகாதவாறு உள்ளே அடக்கிய திருகும் அவர் வைஸுக்குப் பெருமை தேடித் தந்தன. அதன் நகரும் தாடையை வெளியே இழுத்து அடிப்புறத்தைப் பார்த்தால் மாதமும் ஆண்டும் குறித்த எண்கள் காணப்படும். ஆனால் பல்லாண்டுகளாக அங்கே பொறித்து வந்தது செய்த நாளை அன்று. ஐந்தாண்டு உத்தரவாதம் முடிவடையும் நாளையே. எனவே 10–55 எனக் கண்டால் அவ்வைஸ் 1950ஆம் ஆண்டு ஒக்டோபரிற் பிறந்தது என்று கொள்ளல் வேண்டும். இதனை அறியாதார் பலர் தம் வைஸின் வயதில் ஐந்தைக் குறைத்துவிடுகின்றனர். வயதைக் குறைத்துச் சொல்லும் வழக்கம் மனிதருக்கு மட்டும் உரியதன்று போலும்!

இப்பெயர்களைத் தேடிச் செல்லின் மறைந்த தொழிலகங்களின் வரலாறே எதிர்ப்படும். இங்கிலாந்தின் வெட்னஸ்பரி நகரத்து வைஸ்கள் 'வோடன்' என்ற பெயர் தாங்கியவை. பண்டை ஆங்கிலர் வணங்கிய தெய்வம் வோடன். அந்நகரும் ஆங்கிலத்திற் புதன்கிழமையும் பெயர் பெற்றது அத்தெய்வத்தாலேயே. அத்தொழில் 1960களில் றெக்கோட் நிறுவனத்தார் கைக்குச் சென்றது. அமெரிக்காவிலே, மசச்சூசெற்ஸ் மாநிலத்து ஆதல் நகரின் பொறி நிறுவனத்தை, முன்பு அங்கே பணிபுரிந்து விலகிய ஸ்ராறெற் என்பவரே 1905இல் விலைக்கு வாங்கினார். றெக்கோட் பெயரும் பின்னாளிற் பல கைகள் மாறியது. தெய்வத்தின் பெயரைத் தாங்கிய தொழிலகமும் நிலைக்கவில்லை. அது வார்த்த இரும்பு நிலைத்து நிற்கின்றது.

வாங்குமுன் சோதித்தற்குரியவை சில. வார்ப்பிரும்பு கடினமானது, ஆனால் அடிக்கு ஆற்றாது. சிறு சுத்தியலால் மெல்லத் தட்டினால் மணிபோல் ஒலிப்பது குற்றமற்றது. உடைந்த சட்டிபோல் ஒலிப்பது வெடித்தது. கைப்பிடி வளைந்திருந்தால், யாரோ அதில் நீண்ட குழாயை மாட்டி அளவுக்கு மிஞ்சி இறுக்கியிருக்கின்றனர் என அறிதல் வேண்டும். அத்தகைய வைஸின் சுரையும் புரியும் தேய்ந்தனவா என நோக்குக. நகரும் தாடையைத் தூக்கி அசைத்துப் பார்த்தால் தளர்ச்சி தெரியும். கவ்வும் தகடுகள் தேய்ந்திருப்பின் அஞ்சற்க; அவை கழற்றி மாற்றுவதற்கென்றே தனியாக அமைக்கப்பட்டவை. உடலில் வெடிப்பிருந்தால், அதனைப் பழகாதவர் உருக்கி ஒட்ட முனைதல் தீது. வார்ப்பிரும்பிற் காபன் மிகுதி. காய்ச்சிய இடம் விரைந்து குளிருமாயின் கண்ணாடிபோற் கடினமாகி அருகிலேயே மீண்டும் வெடிக்கும். சூடேற்றிப் பித்தளை ஒட்டு இட்டு, மெல்ல ஆறவிடும் கைவண்ணம் உடையாரிடமே அதனை ஒப்படைத்தல் வேண்டும்.

கறள் நீக்கலிற் சிறந்த முறை மின்பகுப்பு. பிளாஸ்ரிக் தொட்டியில் நீர் நிரப்பி, நாலரை லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி வீதம் சலவைச் சோடாவைக் கரைத்து, கழற்றிய உறுப்பை அதனுள் தொங்கவிடுக. வேறோர் இரும்புத் தகட்டை எதிரே நிறுத்துக. இரண்டும் ஒன்றையொன்று தொடலாகாது. 12 வோல்ற்று மின்னேற்றியின் மறைமுனையை வைஸின் உறுப்புடனும் நேர்முனையைத் தகட்டுடனும் இணைத்தல் வேண்டும். இது மாறுமாயின் கரைவது தகடன்று, வைஸே! முறைப்படி செய்தால் ஓர் இரவிற் கறள் தளர்ந்து கரும்பொடியாகித் தூரிகைக்கு உதிரும். நல்ல இரும்புக்கு ஊறு நேராது. வினாகிரியில் ஊறவிட்டும் கறளை நீக்கலாம். ஆயின் அமிலம் கறளோடு இரும்பையும் சிறிது தின்னும் என்பதை மறவற்க.

எச்சரிக்கைகள் மூன்றுண்டு. மின்பகுப்பில் ஐதரசன் வாயு எழுவதால், திறந்த வெளியில், நெருப்பணுகாத இடத்திற் செய்க. மின்னை நிறுத்திய பின்னரே நீரிற் கையிடுக. எதிர்த்தகடாகக் கறள் பிடியாத உருக்கை ஒருபோதும் இடலாகாது. அதிலுள்ள குரோமியம் கரைந்து நீரை நஞ்சாக்கும். பழைய வர்ணங்களில் ஈயம் கலந்திருத்தல் கூடும். அதனை உலர்ந்த நிலையிற் சுரண்டித் தூளாக்குதல் வீட்டிலுள்ள குழந்தைகளுக்குக் கேடு. நனைத்துச் சுரண்டிக் கழிவைச் சேர்த்து அகற்றுக. முடிவில் உறுப்புகளை நன்கு உலர்த்தி, வழுக்கும் பகுதிக்கு எண்ணெயும் புரிக்குக் கிறீஸும் இட்டு, உடலுக்கு மாத்திரம் வர்ணம் பூசுக. உப்புக்காற்று வீசும் எமது கரையோரங்களில் எண்ணெய்ச் சீலை நாள்தோறும் வேண்டும். ஆண்டுக்கொருமுறை ஆயுதபூசையன்று சந்தனமும் குங்குமமும் அணிந்துவிட்டு, எஞ்சிய நாளெல்லாம் கருவியைக் கறளுக்குப் பலியிடுவது பத்தியாகாது.

இதுவரை முறைகளைக் கூறினோம். இனி வழக்கிற்கு வருவோம். ஒரு சாரார், பழைய வைஸைப் புதியதிலும் புதியதாக்க முயல்கின்றனர். வாள் பட்ட வெட்டுகளையும் துளைகருவி இறங்கிய குழிகளையும் நிரப்பி அராவி, தாடைகளை முகம் பார்க்குங் கண்ணாடியாக்கி, செக்கச் சிவந்த வர்ணம் பூசி அலுமாரியில் நிறுத்துகின்றனர். மற்றொரு சாரார் கறளைக்கூடத் தொடலாகாது, அதுவும் பழமையே என்கின்றனர்.

எமது ஊரிலே பட்டறை வைத்திருக்கும் முதியவர் ஒருவரிடம், இவ்வாறு பளபளப்பாக்கிய வைஸின் படமொன்றைக் காட்டினோம். கண்ணாடியை உயர்த்தி நெடுநேரம் பார்த்தார்.

"வடிவாய்த்தான் இருக்குது, மாஸ்ரர். ஆனால் இதிலை ஆரும் வேலை செய்யிறவையோ?" என்றார்.

அலுமாரியில் வைத்திருக்கின்றார்கள் என்றோம். அவர் ஒன்றுஞ் சொல்லவில்லை. தம் மேசையிலிருந்த பழைய ஆங்கில வைஸைத் தடவி, அதன் பின்புறத்திலிருந்த ஒரு குழியிற் பெருவிரலை வைத்தார்.

"இது என்ரை தம்பி துளைச்சது. வேலை பழக வந்த முதற் கிழமை. அண்டைக்கு அவனுக்கு நல்ல ஏச்சு விழுந்தது. இப்ப அவன் இல்லை, மாஸ்ரர்; குழி இருக்குது."

அந்த வைஸிலே கறள் என்பது பேருக்குமில்லை. திருகு எண்ணெயில் வழுக்கியது. தகடுகள் இருமுறை மாற்றப்பட்டவை என்றார். ஆயினும் அக்குழியை நிரப்ப அவர் எண்ணியதில்லை.

வழக்கிற்குத் தீர்ப்பு இங்கேயே கிடைத்துவிட்டது என்று கருதுகின்றோம். கறள் வேறு, தழும்பு வேறு. கறள் கவனிப்பாரின்மையால் வருவது. விட்டுவைத்தால் மேலும் தின்னும். தழும்போ தொழிலால் வந்தது. அது கருவியைத் தின்பதில்லை, கவ்வும் வலிமையைக் குறைப்பதுமில்லை. கறளை முற்ற நீக்குக. தேய்ந்த தகட்டை மாற்றுக. தளர்ந்ததை இறுக்குக. வேலைக்கு இடையூறான பழுதைச் செப்பனிடுக. இடையூறு செய்யாத வடுவை விட்டுவிடுக. கருவியைச் செய்தோர் பெயர் வார்ப்பில் இருக்கின்றது. அதைக் கொண்டு உழைத்தோர்க்கு வேறெங்கும் பெயரில்லை. அவ்வடுக்களே அவர்தம் கையொப்பம்.

இன்னுமொன்று. சேர்ப்போரின் அலுமாரிகளில் நாற்பதும் ஐம்பதுமாக வைஸ்கள் உறங்க, கைப்பணி கற்கும் மாணவர் ஒரு வைஸுக்கு முறை வைத்துக் காத்து நிற்பது பொருந்துமா? 1970களின் இறுதியில் இங்கிலாந்திலே தோன்றிய 'ரூல்ஸ் போர் செல்வ் றிலயன்ஸ்' என்னும் அறநிறுவனம் இதற்கு வழி காட்டியது. வீடுகளிலும் பட்டறைகளிலும் பயனின்றிக் கிடந்த கைக்கருவிகளைத் திரட்டி, தொண்டர்களைக் கொண்டு செப்பனிட்டு, ஆபிரிக்க நாடுகளின் தொழிலாளர்க்கு அது அனுப்பியது. செப்பனிடும் இன்பம் தொண்டர்க்கு. செப்பனிட்ட கருவி உழைப்போர்க்கு. ஒருவர் தமக்கென ஒன்றிரண்டை விருப்பத்தோடு பேணுவதை நாம் குறைகூறவில்லை. வைஸ் பிடிப்பதற்குப் பிறந்தது. அதன் தாடைகளுக்கிடையே ஏதேனும் ஒன்று இருத்தல் வேண்டும் என்பதே எமது கட்சி.

வாசகர்களின் வீட்டுப் பின்புறத்திலோ பாட்டனாரின் பழைய பட்டறையிலோ கறளேறிய வைஸ் ஒன்று கிடக்கலாம். பழைய இரும்பு வாங்குவோர் அதனை நிறுத்து, கிலோவுக்கு இவ்வளவு என்று விலை கூறுவர். உலையில் இட்டால் அது வெறும் இரும்பே. விற்குமுன் ஒருமுறை மண்ணெண்ணெய்ச் சீலையாலே துடைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பெயரை வாசியுங்கள். சுத்தியலால் மெல்லத் தட்டி ஓசையைக் கேளுங்கள். மணிபோல் ஒலித்தால் எண்ணெய் இட்டுத் திருகைச் சுழற்றுங்கள். உங்களுக்கு வேண்டாவிடின், அருகிலுள்ள பாடசாலையில் கைப்பணி கற்பிக்கும் ஆசிரியரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். மேசையும் நான்கு திருகாணிகளும் அவர் தேடிக்கொள்வார்.